புல்லு ஊட்டு மாஸ்டர்

எங்கள் தெருவுக்கு வழி கேட்கும் கூரியர்க்காரர்களுக்கு இன்றைக்கும் நாங்கள் சொல்லும் அடையாளம், "புல்லு ஊடு இருக்கற தெரு" என்பதுதான். பக்கத்திலேயே ஒரு பெரிய பனியன் கம்பெனியின் கிடங்கு இருக்கிறது. கைபேசிக் கோபுரமும் இருக்கிறது. அவற்றைச் சொன்னால் யாருக்கும் பிடிபடுவதில்லை.

அந்த வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். பனியன் துணியை நீண்ட மேசையில் அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு வரைந்து, மின்கத்தியால் மொத்த அடுக்கையும் ஒரே ஓட்டத்தில் வெட்டி எடுக்கிற வேலை. தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். பெயர் போட வேண்டாம் என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் இங்கே குடிவந்தது ஜி.எஸ்.டி. வந்த வருடம், ஆடி மாதம். அப்போது அவர் வீட்டு முன்புறத்தில் புல் முழங்கால் அளவு நின்றது. ஐப்பசியில் என் இடுப்பைத் தாண்டியது. மனையின் பின்பாதியில்தான் வீடு. முன்பாதி முழுக்கப் புல். கேட்டிலிருந்து வாசப்படிக்கு மதில் ஓரமாக ஒரு ஆள் போகிற அகலத்தில் சிமெண்டு நடை. மனை போடுவதற்கு முன் இந்த இடமெல்லாம் மேய்ச்சல் காடாக இருந்தது. வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் கிளுவை வேலியுமாகக் கிடந்த நிலம். மற்றவர்கள் மனை வாங்கியதும் பொக்லைன் விட்டு வழித்தெடுத்தார்கள். அவர் வீடு கட்டும் அளவுக்கு மட்டும் வழித்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே விட்டார்.

பிள்ளை இல்லாதவர், அதனால் புல்லை வளர்க்கிறார் என்று தெருவில் ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் அதற்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில்லை, கொஞ்சிப் பார்த்ததில்லை. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று நானே ஒருமுறை கேட்டேன்.

"நான் எங்கீங்க வெச்சேன்? அது மொதல்லயே இருந்துதுங்க. நாமதான் அப்புறம் வந்தோம்."

கொழுக்கட்டைப் புல்தான் பெரும்பகுதி. நரி வால் மாதிரி மென்மயிர்க் கதிர் விடும். ஊத்துக்குளிப் பக்கம் ரயில் பாதை ஓரத்தில் பார்த்து, விதை உருவி வந்து அவர் தூவிய வேறு சில புற்களும் உண்டு. அவற்றில் ஒன்று, நல்ல மழை கண்டால் ஆள் உயரம் போய், செம்பு நிறத்தில் கதிர் தள்ளும். அதன் பெயர் அவருக்கும் தெரியாது. புல் பற்றி என்னிடம் இருந்த மூன்று புத்தகங்களிலும் தேடிவிட்டேன், எனக்கும் அகப்படவில்லை. சாயங்கால வெயில் மேற்கிலிருந்து விழும்போது அந்தக் கதிர்கள் பற்றி எரிகிற மாதிரி இருக்கும். கம்பெனி விட்டு வரும் ஒடிசாப் பெண்கள் சிலர் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அவர் வாசப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

நாள் முழுக்க வெட்டுவதே தொழிலான மனிதருக்கு எதையும் வெட்டுவதற்கு முன்னால் கை தயங்கும். அவரைப் பற்றிச் சொல்ல ஒரு விஷயம்தான் உண்டு என்றால் அது இதுதான்.

முனையிலிருக்கும் மளிகைக்கடைக்காரர் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். அண்ணாச்சி என்றால் இந்தத் தெருவில் அவர் ஒருவரே. பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்து அகலப்படுத்தித் திறந்த அன்று, கட்டிங் மாஸ்டர் கையால் ரிப்பன் வெட்டினால் வியாபாரம் ஓடும் என்று இவரைக் கூப்பிட்டார். தட்டில் கத்தரிக்கோல் வைத்து நீட்டினார்கள். மாஸ்டர் அதை எடுத்தார், ரிப்பனைப் பார்த்தார், கத்தரிக்கோலைத் தட்டிலேயே வைத்துவிட்டு ஓரத்துக்குப் போய் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"என்ன மாஸ்டர், ஊரக் கூட்டி வச்சிருக்கேன், நீங்க முடிச்ச அவுத்துக்கிட்டு நிக்கீங்க?"

"நல்ல ரிப்பனுங்க அண்ணாச்சி. உங்க பேத்தி சடைக்கு ஆகும்."

சிரிப்பில் திறப்புவிழா நடந்தது. ரிப்பனைச் சுருட்டி அந்தக் குழந்தையிடமே கொடுத்தார்.

கம்பெனியில் இது சிரிப்பாக இருக்கவில்லை. சுருளிலிருந்து பிரித்த பனியன் துணியை உடனே வெட்டக் கூடாது. இழுபட்டிருக்கும் துணி தானாகச் சுருங்கி அடங்கும்வரை விரித்துப் போட்டு வைக்க வேண்டும். எல்லா மாஸ்டர்களுக்கும் தெரிந்த பாடம்தான். ஆனால் மற்றவர்கள் ஷிப்மெண்ட் அவசரம் என்றால் கொஞ்சம் முன்பின் பார்த்து வெட்டிவிடுவார்கள். இவர் மாட்டார். ஒரு கம்பெனியில் மேனேஜர் வந்து மேசையருகே நின்று, கப்பல் நிற்காது என்று சத்தம் போட்டிருக்கிறார். இவர் கையிலிருந்த இரும்புவலைக் கையுறையைக் கழற்றித் துணியின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வேறொருவர் வெட்டினார். சரக்கு போனது. ஒரு குறையும் வரவில்லை.

"ஒரு பீஸ் திரும்பி வரலீங்க," என்று அவரே சொல்லிச் சிரித்தார். "அவிங்க சரியாத்தான் வெட்டீருக்காங்க. எனக்குத்தான் மனசு வரலை."

அதன் பிறகு அனுப்பர்பாளையத்தில் ஒரு சின்ன யூனிட்டில் சேர்ந்தார். அங்கே சம்பளம் குறைவு, அவசரமும் குறைவு. அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம், தைத்து முடித்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிர் நூலை நறுக்குகிற வேலைக்குப் போவார். விரல்களுக்கு நடுவே பிடிக்கிற சின்னக் கத்திரி. "அவரு ஒரு நாளு யோசிச்சு வெட்டறதுக்குள்ள நான் ஆயிரம் வெட்டீருவேனுங்க," என்பார்.

புல்லைப் பற்றிய பேச்சு தெருவில் ஓய்ந்ததே இல்லை. கொசு வருகிறது என்று ஒரு வருடம் புகார். வந்து பார்த்த சுகாதார ஊழியர்கள் தண்ணீர் எங்கும் தேங்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டு மாடியில் கிடந்த டயரை எடுத்துக்கொண்டு போனார்கள். பாம்பு வரும் என்ற பயம் மட்டும் எல்லோருக்கும் நிஜமாகவே இருந்தது. ஒரு சாரையை நானே பார்த்திருக்கிறேன்.

"உள்ள புலி ஏதும் கெடக்கா மாஸ்டர்?" என்று அண்ணாச்சி கடையிலிருந்தே குரல் கொடுப்பார்.

"இருந்தா மொதல்ல உங்க கடைக்குத்தானுங்க வரும். இங்க என்ன இருக்குது அது திங்க?"

கொரோனாவுக்கு முந்தைய வருடம், கந்த சஷ்டிக்கு இருவரும் திருச்செந்தூர் போனார்கள். அவர்கள் ஊரில் இல்லாத அந்த வாரத்தில்தான் அது நடந்தது. தீபாவளி நோம்பிக்கு எல்லா வீட்டு முன்புறமும் சுத்தமாகியிருக்க, இது மட்டும் காடாகத் தெரிந்தது. மாஸ்டருக்குச் சுகர், குனிந்து அறுக்க முடியவில்லை, ஆள் வைக்கவும் யோசிக்கிறார், கேட்டால் கௌரவம் பார்த்து வேண்டாம் என்பார் என்று தெருவே முடிவு செய்தது. அண்ணாச்சிதான் முன்னால் நின்றார். கடையை அரைநாள் பூட்டினார். அருவாள் வந்தது, ஆள் வந்தது, பெண்கள் துடைப்பம் எடுத்து வந்தார்கள். அடியோடு அறுத்து, கூட்டி, தண்ணீர் தெளித்து, அவர் கேட்டுக்கு முன்னால் பெரிதாக ஒரு மயில் கோலமும் போட்டார்கள். அறுத்த புல்லைக் கதிரோடு ஒரு மாட்டுக்காரர் வண்டியில் ஏற்றிப் போனார்.

அவர்கள் வந்திறங்கியபோது தெருவே வாசலில் நின்றது. மாஸ்டர் கேட்டைத் திறந்தார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"எல்லாரும் சிரமப்பட்டு செஞ்சிருக்கறீங்க. இருங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க."

எல்லோருக்கும் காப்பி கொடுத்தார். திருச்செந்தூர் விபூதி கொடுத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால் நல்லது செய்ததாகவே நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம், பல வருடம்.

அடுத்து வந்த வருடங்களில் மழை ஒழுங்காகப் பெய்யவில்லை. பழைய தூர்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. விழுந்திருக்க வேண்டிய விதை வண்டியேறிப் போய்விட்டதால் புதிதாக முளைப்பதும் குறைவு. இடையிடையே மண் தெரிந்தது. செம்புக் கதிர்ப் புல் அடியோடு இல்லாமல் போனது. அவர் அப்போதும் வாசப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

போன வருடம் ஆவணியிலிருந்தே நல்ல மழை. புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை என்னைக் கேட்டருகே கூப்பிட்டு உள்ளே கைகாட்டினார். கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே இரண்டு தூர், சற்றே அகன்ற இலையோடு, தனியாக உயர்ந்து நின்றன.

"அது வந்திருக்குதுங்க," என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

அதே சமயத்தில்தான் அவர் இடது காலில் செருப்புக் கடித்த புண் ஒன்று ஆறாமல் இருந்தது. ஐப்பசிக் கடைசியில் சுண்டுவிரல் கருத்தது. ஆஸ்பத்திரியில் இளம்வயது டாக்டரம்மா ஒருவர் பார்த்துவிட்டு, இந்த வாரமே விரலை எடுத்துவிடுவோம், விரலோடு போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். இவர், ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். எதற்கு என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "ஒரு வேலை இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அக்கா என் வீட்டுக்கு வந்தார். வழக்கமான சிரிப்பு இல்லை.

"ஏனுங்ண்ணா, நீங்க சொன்னா அவரு கேப்பாருங்க. கால் போயிரும்னு பயமா இருக்குதுங்க எனக்கு."

"என்ன வேலைன்னு சொன்னாருங்க்கா?"

"வேலையாவது ஒண்ணாவது. புல்லுதானுங்க. வெதை உதிரோணுமாமா. இவரு ஆஸ்பத்திரில போய்ப் படுத்தா நீங்கல்லாம் சேந்து அறுத்துப் போட்டுருவீங்களாமா, திருச்செந்தூர் போனப்ப அறுத்தாப்பல."

சாயங்காலம் போனேன். வாசப்படியில் உட்கார்ந்திருந்தார். காலில் வெள்ளைப் பனியன் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தது. துணியில் ஈரம் ஊறியிருந்தது. இடுப்பளவு புல்லுக்குமேல் அந்த இரண்டு தூரும் என் தலையைத் தொடும் உயரத்தில் செம்புக் கதிர் விட்டிருந்தன. நான் விரலைப் பற்றிப் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, கார்த்திகை முடிந்தால் முற்றிவிடும், மார்கழி முதல் காற்றுக்கு உதிர்ந்துவிடும், அதுவரைக்கும்தான் என்றார். என் நியாயங்களை அவர் மறுக்கவே இல்லை. மறுத்திருந்தால் வாதாடியிருக்கலாம்.

கொத்தமல்லிக் கட்டோடு வந்த அண்ணாச்சி கேட்டருகே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே வந்தார்.

"மாஸ்டர், அன்னைக்கு நாங்க அறுத்தது உங்களுக்குப் பிடிக்கலையா?"

மாஸ்டர் சங்கடப்பட்டார். "அதை விடுங்க அண்ணாச்சி. நல்லதுக்குத்தான் செஞ்சீங்க."

"காப்பி குடுத்தீங்களே மாஸ்டர்."

"வந்தவிங்களுக்குக் காப்பி குடுக்காம?"

அண்ணாச்சி புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் சொல்லுதேன், கேளுங்க. நீங்க நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. ஒருத்தன் இதுல கை வைக்க மாட்டான். நீங்க திரும்பி வந்து சொல்லுத வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன். முருகன் மேல ஆணையா."

"ரொம்ப சந்தோசமுங்க," என்றார் மாஸ்டர். நிஜமாகவே அவர் முகம் தெளிந்தது. "கார்த்திகை போகட்டுங்க. போறேன்."

அவர் எங்களை நம்பவில்லை என்று அண்ணாச்சி வருத்தப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம்பினார், ஆனாலும் மனசு வரவில்லை. துணி அடங்கும்வரை மேசையருகே நின்ற அதே மனிதர்தான். எத்தனையோ பேர் பொறுமையைப் புகழ்ந்து எழுதியதைப் படித்திருக்கிறேன். அந்த ஒரு மாதம், எதிர்வீட்டிலிருந்து அவரைப் பார்க்கும்போதெல்லாம், அதில் ஒரு வரிகூட எனக்கு உதவவில்லை. விரலிலிருந்து கருப்பு பாதத்துக்கு ஏறியது. அக்கா தினம் கட்டு மாற்றினார். ஒருநாள் வாசலிலேயே, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"புல்லுக்குக் குடுக்கற மாசத்தை எனக்குக் குடுத்திருக்கலாமுங்க நீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து போகவில்லை.

கார்த்திகை தீபத்துக்குப் பிறகு குளிர்காய்ச்சல் வந்தது. நாங்கள் நான்கைந்து பேராகத் தூக்கித்தான் ஆட்டோவில் ஏற்றினோம். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கொஞ்சம் தேறினார். அண்ணாச்சி பார்க்கப் போனபோது முதலில் கேட்டது, "உதிருதுங்களா?" என்றுதான்.

"உதிருது மாஸ்டர். கடைக்குள்ள வரைக்கும் பறந்து வருது. அரிசி மூட்டை மேலெல்லாம் கெடக்கு."

அண்ணாச்சி சொன்னது பொய்யில்லை. மார்கழி முழுக்க அவர் காவல் அப்படி இருந்தது. பந்து எடுக்க வந்த பிள்ளைகளைக்கூட உள்ளே விடவில்லை, தானே போய் எடுத்துக்கொடுத்தார். கதிர்கள் வெறும் காம்பாகி, புல் வைக்கோல் நிறமாகி நின்றது. இனி அறுத்தாலும் கெட்டுப்போக ஒன்றுமில்லை. ஆனால் சொல்ல வேண்டியவர் வரவில்லை. புண்ணின் விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள். தை பிறந்து, காப்புக் கட்டிய பூளைப்பூ இன்னும் வாசல்களில் காய்ந்துகொண்டிருந்த வாரத்தில், ஒரு விடிகாலை இறந்துபோனார். திங்கட்கிழமை என்று அக்கா சொல்வார். செவ்வாய் என்பதே சரி, ஆனால் நான் திருத்துவதில்லை.

ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. பந்தல்காரர்கள் தகர ஷீட்டும் நாற்காலிகளும் இறக்கிவிட்டு, எங்கே போடுவது என்று பார்த்தார்கள். பிரேதத்தைக் கிடத்த வீட்டு முன்புறம்தான் இடம். அங்கே புல். அவர்களில் ஒருவர் அருவாளோடு கேட்டைத் திறந்தார். அண்ணாச்சி ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"இதுல கை வைக்கப்படாது. தெருவுல போடுங்க."

"தெருவுல டெம்போ போகோணுமுங்க. எப்படீங்க போடறது?"

"டெம்போவ நான் நிறுத்துதேன். நீ தெருவுல போடு."

கூட்டத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். இறந்த வீட்டில் புல்லுக்குச் சண்டையா என்று ஒரு உறவினர் கோபப்பட்டார். அண்ணாச்சி கேட்டுக் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அழுதுகொண்டிருந்தார். நடை வழியாக அக்கா வெளியே வந்தார்.

"அண்ணாச்சி, அவரை எத்தனை நேரமுங்க வண்டியிலயே போட்டிருப்பீங்க?"

"அக்கா, அவரு வந்து சொல்லுத வரைக்கும் விடமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அதா, வந்துட்டாருங்களே," என்று அக்கா வண்டியைக் காட்டினார்.

அண்ணாச்சியின் கைகள் கம்பியை விட்டன. அக்கா பந்தல்காரர் கையிலிருந்த அருவாளை வாங்கிக்கொண்டு புல்லுக்குள் இறங்கினார். பெண்கள் தடுக்கப் போனார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, இடது கையில் கொத்தாகப் பிடித்து, அடியில் இழுத்து அறுத்தார். அறுத்ததை ஓரமாக எறிந்தார். மறுபடி பிடித்தார். அந்த வேகத்தில் கோபம்தான் இருந்தது. மொத்தத்தையும் அறுத்துவிட்டுத்தான் நிமிர்வார் என்று நினைத்தோம். நடையை ஒட்டி ஒரு கட்டில் அளவுக்கு மண் தெரிந்ததும் நின்றார். நீளத்தைப் பார்த்தார். தலைமாட்டுப் பக்கம் இன்னும் இரண்டு கொத்து அறுத்தார்.

"போதுமுங்க. அவரு படுக்க இவ்வளவு போதும்."

அந்த இடத்தில்தான் கிடத்தினோம். மூன்று பக்கமும் புல் நின்றது. வந்தவர்கள் நடையில் வரிசையாக நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பந்தல் போட முடியவில்லை. அண்ணாச்சி தலைமாட்டில் ஒரு குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, எடுக்கிறவரைக்கும் நின்றார்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, அன்றைக்கு ஏன் அதோடு நிறுத்திவிட்டீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். இதை எழுத வேண்டும் என்ற எண்ணம் அப்போதே எனக்கு இருந்தது. ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"கை வலிச்சுப்போச்சுங்ண்ணா. இல்லீன்னா அன்னைக்கே மொத்தத்தையும் அறுத்துத் தீ வெச்சிருப்பேன்."

இது நடந்து ஆடி வந்துவிட்டது. அக்கா பிசிர் வெட்டும் வேலைக்குப் பழையபடி போய்க்கொண்டிருக்கிறார். புல்லை அறுக்கவில்லை, அறுக்க ஆளும் கூப்பிடவில்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், எதிர்ப்புற மதிலோரக் கொடியில் காயும் துணியை எடுக்கப் புல்லுக்கு நடுவில் நடந்து போகிறார். அன்று அறுத்த இடத்தில் புல் இன்னும் கணுக்கால் அளவுதான் இருக்கிறது. அதன் வழியாகப் போவதுதான் சுலபம். அவர் அதைச் சுற்றிக்கொண்டு, சேலையை உயர்த்திப் பிடித்து, இடுப்பளவு புல்லை விலக்கிக்கொண்டு போகிறார்.